மஞ்சள் கோடு பொறுக்காத மனிதர்

விருத்தாசலத்தில் ஒரு ஆளைக் களைக்க வைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சித்திரை வெயில். இன்னொன்று மஞ்சள் சார். வெயிலுக்காவது சாயங்காலம் என்று ஒன்று இருக்கிறது.

மஞ்சள் சாரின் நிஜப் பெயர் ஆபீஸில் யாருக்கும் சட்டென்று வாயில் வராது. வெளியாட்கள் அவர் ஏதோ சாமிக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் சட்டை போடுகிறவர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் வாழ்நாளில் மஞ்சள் சட்டை போட்டதில்லை. அந்த நிறத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அதனால்தான் அந்தப் பெயர்.

செராமிக் எஸ்டேட்டை ஒட்டி, ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. சுற்றிலும் மண்ணைக் குழைத்து ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் சுடுகிற சின்னச் சின்ன பட்டறைகள். அவர்களுடைய மின்சாரச் சூளைகளில் சூடு எப்போது ஏற வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எப்படி இறங்க வேண்டும் என்று சொல்லித் தருகிற சாப்ட்வேர் எழுதுவது எங்கள் தொழில். நான், கவிதா, மஞ்சள் சார், எங்களுக்கு மேலே எம்.டி. சார். இவ்வளவுதான் கம்பெனி. வாசல் போர்டைப் பார்த்தால் ஏதோ பெரிய படை உள்ளே இருப்பதாகத் தோன்றும்.

எழுதிய புரோகிராமை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றுவதற்குக் கம்பைல் என்று பெயர். அதில் தப்பு இருந்தால் திரையில் சிவப்புக் கோடு வரும், வேலை நின்றுவிடும். மஞ்சள் கோடு வந்தால் அது வெறும் எச்சரிக்கை. வேலை நிற்காது. வேலை நிற்காத வரைக்கும் எதையும் படிக்காத பரம்பரை எங்களுடையது. ‘படியில் நிற்காதீர்கள்’ என்று பஸ்ஸில் எழுதியிருப்பதைப் படியில் நின்றுகொண்டே வாசிப்போம்.

எங்களுக்கு வந்த மஞ்சள் கோடுகளில் முக்கால்வாசி ஒரே ரகம். ஒரு ஃபைலுக்குப் பெரிய எழுத்தில் பெயர் வைத்திருப்போம். இன்னொரு ஃபைலிலிருந்து அதைக் கூப்பிடும்போது சின்ன எழுத்தில் கூப்பிட்டிருப்போம். எங்கள் லேப்டாப் எல்லாம் விண்டோஸ். அது பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று பேதம் பார்க்காது. எப்படிக் கூப்பிட்டாலும் ஃபைலைக் கொண்டுவந்து கொடுத்துவிடும். கம்பைலர் மட்டும், ‘ஐயா, நீங்கள் கூப்பிட்ட பெயரும் இங்கே இருக்கிற பெயரும் ஒரே மாதிரி இல்லை, வேறு மெஷினில் இது கிடைக்காமல் போகலாம்’ என்று மஞ்சளில் முனகும். நாங்கள் டீ குடிக்கப் போய்விடுவோம். திரும்பி வரும்போது மஞ்சள் சார் என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்.

“தம்பி, ஒரு நிமிஷம்.”

அந்த ஒரு நிமிஷத்துக்குள் என் காலை நேரம் மொத்தமும் அடங்கும்.

“இந்த ஃபைலு உங்களுதா?”

“ஆமாங்க சார்.”

“இதுக்கு என்னா பேரு வெச்சீங்க?”

“ஹீட்டரு சார்.”

“பெரிய எச்சா, சின்ன எச்சா?”

“ஏதோ ஒண்ணு சார். ஓடுதுல்ல?”

“ஓடுது. ஆனா மெஷினு நம்மளப் பாத்துக் கேட்டுக்கிட்டே இருக்குதே. ஒருத்தரு கேட்டா பதில் சொல்ல வேணாமா?”

அவரே மாற்றிவிட்டுப் போனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன், கெஞ்சியும் பார்த்தேன். அவர் மாற்ற மாட்டார். யார் அந்த ஃபைலை எழுதினார்களோ அவர்கள் கையால்தான் பெயர் மாற வேண்டும் என்பது அவருடைய சட்டம். “உங்க புள்ளைக்கு நானா தம்பி பேரு வெக்கிறது?” என்பார்.

அதோடு முடிந்ததா? அதுவும் இல்லை. விண்டோஸில் ஒரே பெயரைப் பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்துக்கு மாற்றினால், நாங்கள் எல்லோரும் ஃபைல்களைப் போட்டு வைக்கிற பொது இடத்துக்கு அது மாற்றமாகவே தெரியாது. இரண்டும் ஒன்றுதானே என்று சும்மா இருந்துவிடும். அதனால் முதலில் சம்பந்தமே இல்லாத ஒரு பெயரை வைத்து அனுப்ப வேண்டும். பிறகு சரியான பெயரை வைத்து இன்னொரு தடவை அனுப்ப வேண்டும். அந்த இடைக்காலப் பெயரை மஞ்சள் சார் எல்லா ஃபைலுக்கும் ஒரே மாதிரிதான் வைக்கச் சொல்வார். குப்பை.

“ஏன் சார், வேற பேரே இல்லியா?” என்று கவிதா ஒரு நாள் முகத்தைச் சுளித்தாள்.

“எனக்கு முன்னாடி பொறந்த ரெண்டும் தங்கலம்மா. அதனால எனக்குக் குப்பைன்னுதான் எங்க வூட்டுல பேரு வெச்சாங்க. ஸ்கூலுல சேக்குறப்பதான் மாத்துனாங்க. பாரு, ஒண்ணும் ஆவல, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அந்தப் பேருல ஒரு ராசி இருக்குது.”

சரியான பெயரை வைக்கும்போது அதை வாய்விட்டு மூன்று தரம் சொல்ல வேண்டும். காதுகுத்து, பெயர் வைப்பு என்று விசேஷ வீடுகளில் குழந்தையின் காதில் சொல்வார்களே, அந்த மாதிரி. சொல்லும்போது கண் திரையில் இருக்க வேண்டும். “வாயால சொன்னாதான் கை மறக்காது” என்பது அவருடைய விஞ்ஞானம். நான் படித்துப் பட்டம் வாங்கிய ஆள், லேப்டாப்பைப் பார்த்து “சின்ன எச்சு ஹீட்டரு, சின்ன எச்சு ஹீட்டரு” என்று ஜபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கீழே ஹார்டுவேர் கடைக்காரர் எங்களை ஏதோ மந்திரக் கோஷ்டி என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார்.

ஒருமுறை கவிதா முதல் பெயரை மாற்றிவிட்டு, இரண்டாவது பெயரை வைப்பதற்குள் போன் வந்ததென்று எழுந்து போய்விட்டாள். அந்த நேரம் பார்த்து நல்லூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் வந்து சேர்ந்தார். எம்.டி. சார் அவரைப் பெரிய திரைக்கு முன்னால் உட்காரவைத்து, “உங்க சாப்ட்வேர இப்ப நேர்ல ஓட்டிக் காட்டுறேன்” என்று பட்டனைத் தட்டினார். திரை முழுக்க, கேட்ட ஃபைல் இல்லை, இருப்பது குப்பை, இருப்பது குப்பை என்று சிவப்பாக ஓடியது. வாடிக்கையாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “என்னாங்க, உங்க வாயாலயே சொல்றீங்க?” என்றார். பிறகு அவர் வரவில்லை.

அன்றைக்குத்தான் எம்.டி. சார் மஞ்சள் சாரைத் தன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். அறை கண்ணாடி என்பதால் கதவைச் சாத்தினாலும் எல்லாம் கேட்கும்.

“சார், வயசுல பெரியவரு, கோச்சிக்காதீங்க. இத்தோட விட்டுடுறேன். இன்னொரு டெலிவரி உங்களால தள்ளிப் போச்சுன்னா நீங்க வேற எடம் பாத்துக்குங்க.”

“சரிங்க சார்.”

வேறு இடம் என்று ஒன்று அவருக்கு இருந்தால் இந்தக் கதையை நான் இவ்வளவு சோர்வோடு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவருடைய மனைவிக்கு வாதம் வந்து ஒரு பக்கம் கை கால் வராது. மஞ்சள் சார் சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்தவர். கொஞ்ச காலம் வீட்டிலிருந்தே வேலை பார்க்க விட்டார்கள். பிறகு ஆபீஸுக்கு வந்தே ஆக வேண்டும் என்றபோது, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு இங்கேயே தங்கிவிட்டார். வீடு எங்கள் ஆபீஸிலிருந்து நடந்து போகிற தூரம். மத்தியானம் போய் அந்த அம்மாவுக்குச் சோறு ஊட்டிவிட்டு வருவார். இந்த ஊரில் அவர் படிப்புக்கு இன்னொரு ஆபீஸ் கிடையாது. இந்த வேலை போனால் அந்த அம்மாவை யார் கையிலாவது ஒப்படைத்துவிட்டு மறுபடி சென்னைக்குத்தான் பஸ் ஏற வேண்டும். இது எம்.டி.க்கும் தெரியும். தெரிந்துதான் இத்தனை நாள் பொறுத்தார்.

அடுத்த டெலிவரி ஸ்டெல்லா அக்காவுடையது. அக்கா எஸ்டேட்டில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் செய்கிறவர். மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், ஆடு மாடு, ஒட்டகம் எல்லாம் அவர் பட்டறையில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். புதுச் சூளை வாங்கியிருந்தார். அதற்கு எம்.டி. சார் புதிதாக ஒரு சின்னப் பெட்டியைத் தேடிப் பிடித்தார். உள்ளங்கை அகலம்தான், லினக்ஸில் ஓடுவது. அது முந்தின நாள்தான் பார்சலில் வந்து பட்டறையில் இறங்கியது. “வெறுமன போட்டுட்டு வர்ற வேலைதானே” என்று சொல்லிவிட்டு எம்.டி. சார் காலையிலேயே சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

நானும் கவிதாவும் மஞ்சள் சாரும் பட்டறைக்குப் போனோம். சூளைக்குள் பொம்மைகளை அடுக்கிக் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோயில் வாசலில் அக்கா கடை போட வேண்டும். சுட்டு, ஆறி, வண்ணம் அடிக்க வேண்டும் என்றால் அன்றைக்கே சூளையைப் போட்டாக வேண்டும்.

பெட்டியில் எங்கள் புரோகிராமை ஏற்றிக் கம்பைல் பட்டனைத் தட்டினேன். சிவப்பு.

லினக்ஸ் எங்கள் லேப்டாப் மாதிரி விட்டுக்கொடுத்துப் போகிற ஜாதி இல்லை. பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தால்தான் ஃபைலைத் தரும். ஆனால் ஒரு ஆச்சரியம், எங்கள் ஃபைல்கள் அத்தனையும் தடையில்லாமல் போய்விட்டன. மஞ்சள் சார் எங்களை ஜபிக்க வைத்த பலன். நின்றது ஒரே ஒரு ஃபைலில். கம்பெனி ஆரம்பித்தபோது எம்.டி. சார் தன் கையால் எழுதிய முதல் ஃபைல். சூட்டின் அளவுகள் எல்லாம் அதில்தான் இருந்தன. அதற்கு அவர் முழுக்கப் பெரிய எழுத்தில் பெயர் வைத்திருந்தார். நாங்களோ எங்கள் ஃபைல்கள் அத்தனையிலும், கணக்கில்லாத இடங்களில், அதைச் சின்ன எழுத்தில் கூப்பிட்டிருந்தோம். எம்.டி.யிடம் போய் “சின்ன எழுத்துக்கு மாத்துங்க” என்று சொல்ல மஞ்சள் சாருக்கே தைரியம் வந்ததில்லை.

“அவ்வளவுதானே, மாத்திட்டா போச்சு” என்று கீபோர்டில் கை வைத்தேன். மஞ்சள் சார் என் கையைப் பிடித்தார்.

“அது அவரு ஃபைலு தம்பி.”

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. “சார், இன்னிக்கு இது ஓடலன்னா போறது யாரு வேலைன்னு தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அப்புறம் என்னா சார்?”

“போன மாசம் கவிதாம்மா என்கிட்ட கேக்காம அந்த ஃபைலு பேர மாத்துச்சே, ஞாபகம் இருக்குதா?”

இருந்தது. கவிதா மாற்றினாள். எம்.டி. சாரோ வீட்டில் உட்கார்ந்து சூட்டின் அளவை அடிக்கடி தானே மாற்றுகிறவர். அவருடைய லேப்டாப்பில் பழைய பெயர் அப்படியே இருந்தது. ராவோடு ராவாக அதைப் பொது இடத்துக்கு அனுப்பிவிட்டார். ஒரே ஃபைல் இரண்டு பெயரில் இரட்டைப் பிள்ளையாக நின்றது. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான், அதனால் சோதனை ஓட்டத்தில் ஒரு லேப்டாப்புக்கு இது கிடைத்தது, இன்னொன்றுக்கு அது கிடைத்தது. ஏற வேண்டிய சூடு ஏறாமல், நிற்க வேண்டிய இடத்தில் தாண்டிப் போனது. ஆபீஸ் மேசையில் நடந்ததால் யாருக்கும் சேதமில்லை, பழைய பெயருக்கே திரும்பிவிட்டோம்.

“இங்க உள்ள பொம்மைங்க இருக்குது. நான் மாத்திட்டுப் போயிடுவேன். நாளைக்கு அவரு வூட்டுலேருந்து பழச அனுப்புவாரு, பெட்டியும் அத இழுத்துக்கும். ஓடிக்கிட்டு இருக்கிற சூளை எந்தச் சூட்ட எடுக்கும்னு எனக்குத் தெரியாது. அவரு லேப்டாப்புல பழசு செத்தாதான் இங்க புதுசு பொழைக்கும். அவர கூட்டிக்கிட்டு வாங்க.”

“அவரு வந்தா உங்கள அனுப்பிடுவாரு சார்.”

“அனுப்பட்டும். அதுக்காக அக்கா பொம்மையில வெளையாட முடியுமா?”

எம்.டி.க்குப் போன் போட்டுப் போட்டு விரல் தேய்ந்தது. எடுக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு சேத்தியாத்தோப்புக்குக் கிளம்பினேன். அந்த ரோட்டில் போகும்போது எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. எம்.டி. மேல், லினக்ஸ் மேல், ஒட்டகங்கள் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பிடிவாதக்கார மனிதர் மேல். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற ஆளை யாரால் காப்பாற்ற முடியும்?

மண்டபத்தில் எம்.டி. சார் பட்டு வேட்டியோடு பந்தியில் இருந்தார். நாதஸ்வரத்துக்கு நடுவில் அவர் காதுக்குள் கத்தி விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த அப்பளத்தை இலையில் போட்டார்.

“என் ஃபைலுக்கு நான் வந்து பேரு மாத்தணுமாமா? வெளங்கும். இன்னியோட அந்தாளு கணக்கு முடிஞ்சுது. பாயாசம் வர்ற நேரம்யா!”

அவர் காரில் முன்னால் போக, நான் பைக்கில் பின்னால் வந்தேன். லேப்டாப் காரிலேயே இருந்தது ஒன்றுதான் அன்றைக்கு நடந்த நல்லது.

பட்டறையில் மஞ்சள் சார் இல்லை. மத்தியானமாகிவிட்டதால் மனைவிக்குச் சோறு ஊட்டப் போயிருந்தார். எம்.டி.யின் முகத்தில் சூளையே தேவையில்லை என்கிற அளவுக்குச் சூடு. நல்லவேளையாகக் கொஞ்ச நேரத்தில் மஞ்சள் சார், ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார்.

“என்னா சார், வெளையாடுறீங்களா?”

“ஒக்காருங்க சார்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு, என்னிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னார். குரல் மட்டும் சின்னதாகியிருந்தது. எம்.டி. சார் பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தார். அதற்குள் ஸ்டெல்லா அக்கா வந்துவிட்டார்.

“எம்.டி. சார், யாரு மேல தப்புன்னு அப்புறம் பேசிக்கலாம். கொழந்த ஏசு உள்ள பச்ச மண்ணா கெடக்குறாரு. பேர வெச்சிட்டுப் போங்க.”

எம்.டி. உட்கார்ந்தார். லேப்டாப்பைத் திறந்தார்.

“மொதல்ல குப்பைன்னு வைங்க சார்.”

“கம்பெனியோட மொத ஃபைலுய்யா இது! இதுக்கா குப்பை?”

“ரெண்டே நிமிஷம் சார்.”

வைத்தார். அனுப்பினார். பிறகு சரியான பெயர். மஞ்சள் சார் தயங்கித் தயங்கி, “வாய்விட்டு மூணு தரம் சொல்லுவோம் சார், வழக்கமா” என்றார். எம்.டி. எங்களை ஒரு முறை பார்த்தார். கவிதா சீலிங்கைப் பார்த்தாள். பட்டறையில் மண் பிசைகிற பெண்கள் எல்லாம் என்னவோ விசேஷம் என்று கையைக் கழுவிக்கொண்டு வந்து சுற்றி நின்றார்கள். பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக இருந்தவர், வேறு வழியில்லாமல், தன் லேப்டாப்பைப் பார்த்துச் சின்ன எழுத்துப் பெயரை மூன்று தரம் சொன்னார். அந்தக் கூட்டத்தில் யாரோ ஒரு அம்மா பழக்க தோஷத்தில் குலவை போட்டுவிட்டார். அக்கா எல்லோருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தார்.

பெட்டியில் கம்பைல் ஓடியது. சிவப்பு வரவில்லை. சூளை முனகியது. திரையில் சூட்டின் எண் மெல்ல ஏற ஆரம்பித்தது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

எம்.டி. சார் எழுந்து வேட்டியை உதறினார். போகிற போக்கில் திரையைப் பார்த்தவர் நின்றார்.

“அது என்னா, கீழ மஞ்சளா ஒண்ணு?”

நானும் கவிதாவும் மஞ்சள் சாரைப் பார்த்தோம்.

“அது வேற ரகம் சார். ஆனா அதுவும் உங்க ஃபைலுதான்” என்றார் மஞ்சள் சார். பிறகு, அவர் வாயிலிருந்து நான் ஒருநாளும் கேட்டிராத ஒன்றைச் சொன்னார். “ஓடும் சார். ஒண்ணும் பண்ணாது. விட்டுடுங்க.”

எனக்கு அதைக் கேட்கச் சகிக்கவில்லை. இத்தனை நாள் எங்கள் உயிரை எடுத்த மனிதர், வேலை போய்விடும் என்ற பயத்தில், ஒரு மஞ்சள் கோட்டைப் பார்த்து விட்டுடுங்க என்கிறார். அவர் பிடிவாதத்தைவிட இது எனக்கு அதிகம் வலித்தது.

எம்.டி. சார் விடவில்லை. குனிந்து அந்தக் கோட்டைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். அதைப் படிக்காமல் அவரால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை என்பது நன்றாகவே தெரிந்தது. தொற்றிக்கொண்டுவிட்டது.

“இந்த மாதிரி என் பேருல இன்னும் எத்தினி இருக்குது?”

“கொஞ்சம் இருக்குது சார்.”

“நாளைக்கு மொத வேலையா எல்லாத்தையும் எடுத்து வைங்க. நான் வந்து என் கையாலயே சரி பண்றேன்.”

மஞ்சள் சார் திரையிலிருந்து திரும்பினார். “நாளைக்கா சார்?” என்றார்.

“ஏன், நாளைக்கு லீவா நீங்க?”

“இல்லீங்க சார். வந்துடுறேன் சார்.”

காரில் ஏறிக்கொண்டே எம்.டி. சார் என்னிடம், “சேத்தியாத்தோப்புல பாயாசம் தீந்திருக்கும்” என்று மட்டும் சொன்னார். மஞ்சள் சார் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். “வூட்டுல ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடுறேன்” என்று கவிதாவிடம் சொல்லிவிட்டு, எஸ்டேட் ரோட்டில் வேகமாக நடந்தார். அவர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. கிட்டத்தட்ட ஓடினார்.

மறுநாள் காலையில் என் பையைக்கூட மேசையில் வைக்கவில்லை, தோளில் ஒரு கை.

“தம்பி, ஒரு நிமிஷம். நேத்து அவசரத்துல புதுசா ஒரு ஃபைலு போட்டீங்களே…”

அலுப்பாகத்தான் இருந்தது. வாய் கொட்டாவி விட்டது. நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். அந்த நாற்காலிக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று முந்தின நாள் சேத்தியாத்தோப்பு ரோடு முழுக்க நான் பயந்துகொண்டே போனதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.